பள்ளியைத் தொடங்கியவர் ஒருவர், எழுத்தைத் தந்தவர் இன்னொருவர்: பாரிஸ் பார்வையற்றோர் பள்ளி, 1785 முதல் 1854 வரை

பாரிஸில் 1785-ல் ஒரு பள்ளி தொடங்கியது. பார்வையற்ற பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் கணக்கும் இசையும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்த முதல் பள்ளி என்று வரலாற்றில் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தொடங்கியவர் வாலன்டின் அயுயி. அதே பள்ளியில் 1819-ல் பத்து வயதில் வந்து சேர்ந்த ஒரு பையன்தான் லூயி பிரெயில், ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கியவர். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாம் நல்லபடியாக நடந்து முடிந்ததுபோல இருக்கும். நடந்தது அப்படியில்லை. லூயி தன் எழுத்துமுறையை 1829-லேயே புத்தகமாக வெளியிட்டுவிட்டார், ஆனால் பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து. நடுவிலே சில ஆண்டுகள் அவர் படித்த, அவரே ஆசிரியராக வேலை பார்த்த அந்தப் பள்ளியே அந்த எழுத்துக்குத் தடை போட்டிருந்தது.

மாணவர்களின் நன்மைக்காகவே நடந்த ஒரு பள்ளி, மாணவர்கள் விரும்பிப் படித்த எழுத்தை எதற்காக ஒதுக்கியது? இந்த ஆய்வின் கேள்வி அவ்வளவுதான். கெட்ட மனிதர் யாரோ ஒருவர் செய்த வேலை என்று முடித்துவிட்டால் சுலபம், ஆனால் விவரங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. பள்ளியின் அஸ்திவாரத்திலேயே ஒரு முடிவு இருந்தது: பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்தைத்தான் பார்வையற்றவர்களும் படிக்க வேண்டும் என்ற முடிவு. அன்பினால் எடுத்த முடிவுதான் அது. அதைத் திருத்த எழுபது வருஷம் ஆனது.

சந்தையில் நடந்த கூத்து

அயுயி 1745-ல் பிரான்ஸின் வடக்கே பிக்கார்டி பகுதியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ரெனே ஜூஸ்ட் அயுயி படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து பெரும் பெயர் வாங்கிய விஞ்ஞானி. தம்பிக்குப் பல மொழிகள் தெரியும், மொழிபெயர்ப்புதான் பிழைப்பு.

1771 செப்டம்பரில் பாரிஸில் செயின்ட் ஓவிட் சந்தை நடந்தது. இன்று கான்கார்ட் சதுக்கம் என்று சொல்லும் இடத்தில்தான். அங்கே ஒரு காபிக் கடைக்காரர் வியாபாரத்துக்காகப் பார்வையற்றவர்கள் சிலரைக் கொண்டுவந்து மேடையில் உட்காரவைத்தார். நீள அங்கி, தலையில் கூம்புத் தொப்பி, கண்ணுக்கு அட்டையில் செய்த பெரிய கண்ணாடி, எதிரே அவர்களால் பார்க்கவே முடியாத இசைக்குறிப்புத் தாள்கள். கையில் வாத்தியத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாமல் அவர்கள் இழுத்த இழுப்புக்குக் கூட்டம் சிரித்தது, கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. மேடையில் இருந்தவர்கள் கேன்ஸ்-வேன் என்ற விடுதியைச் சேர்ந்தவர்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் 300 பார்வையற்றவர்களுக்காக ஏற்படுத்திய விடுதி அது. தங்க இடம் உண்டு, தெருவில் பிச்சை எடுக்க அனுமதியும் உண்டு. படிப்பு கிடையாது.

இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் தன் மனதில் இந்த எண்ணம் விழுந்தது என்று அயுயி பிற்காலத்தில் எழுதினார். சரி, ஆனால் சந்தைக்கும் பள்ளிக்கும் நடுவில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கோபம் 1771-ல் வந்திருக்கலாம். இது நடக்கக்கூடிய காரியம் என்ற நம்பிக்கை வேறு இரண்டு இடங்களிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஒன்று, அதே பாரிஸில் காதுகேளாத பிள்ளைகளுக்குச் சைகை மூலம் பாடம் நடத்திக்கொண்டிருந்த பாதிரியார் எப்பே. இன்னொன்று, மரியா தெரேசியா வான் பாரடிஸ்.

பாரடிஸ் வியன்னாவைச் சேர்ந்த பியானோ கலைஞர், சின்ன வயதிலேயே பார்வை போனவர். 1784-ல் பாரிஸுக்கு வந்து கச்சேரி செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்குள். மெத்தையில் குண்டூசிகளைக் குத்தி எழுத்துகளைத் தடவித் தெரிந்துகொள்வார், கடிதம் எழுத ஒரு சின்னக் கை அச்சு இயந்திரமும் அவரிடம் இருந்தது. வசதியான வீட்டுப் பெண், நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அயுயி அவரைச் சந்தித்துப் பேசினார். ஒருத்திக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் ஏன் கொடுக்க முடியாது என்ற கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர் என்பதால்தான் அவரை முன்னோடி என்கிறோம்.

லெசுவர்

முதல் மாணவனை அயுயி தேடிப் பிடித்தது செயின்ட் ஜெர்மேன் தே ப்ரே தேவாலயத்தின் வாசலில். பெயர் ஃபிரான்சுவா லெசுவர், பதினேழு வயது, கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது, பிச்சை எடுத்துத்தான் வீட்டுக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தான். படிக்க வா என்று கூப்பிட்டால் வருவானா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அயுயி இதைப் புரிந்துகொண்டார். பிச்சையில் நீ சம்பாதிப்பதை நான் தருகிறேன், நீ வந்து உட்கார்ந்து படி என்றார். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அயுயி செய்த மிகச் சரியான காரியம் இதுதான். இலவசப் பாடம் மட்டும் போதாது, படிக்கும் நேரத்தில் இழக்கும் வருமானத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

அச்சடித்த ஒரு கடிதத் தாளின் பின்பக்கம் எழுத்து லேசாகப் புடைத்திருந்ததை லெசுவர் விரலால் தடவிக் கண்டுபிடித்தான், அதிலிருந்துதான் அயுயிக்குப் புடைப்பெழுத்து யோசனை வந்தது என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. எப்படி வந்ததோ, சில மாதங்களில் லெசுவர் எழுத்துக்கூட்டிப் படித்தான். பாரிஸின் அறிஞர்கள் முன்னால் அவனைப் படித்துக் காட்டச் செய்தார் அயுயி. அறக்கட்டளைச் சங்கம் ஒன்று பணம் கொடுத்தது, பள்ளி நடக்க ஆரம்பித்தது. 1786 டிசம்பரில் இருபத்துச் சொச்சம் பிள்ளைகளை வெர்சாய் அரண்மனைக்கே கூட்டிப்போய் பதினாறாம் லூயி மன்னர் முன்னால் படிக்கவும் கணக்குப் போடவும் வாத்தியம் வாசித்துக் காட்டவும் வைத்தார்கள். அந்த ஆண்டே அயுயி தன் கல்விமுறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார், அச்சு வேலையைச் செய்தது பார்வையற்ற மாணவர்கள். புடைப்பு வரைபடம், நூல் நூற்பது, பின்னல், கயிறு திரிப்பது, இசை எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன.

விரலுக்கு ஒத்துவராத எழுத்து

இப்போது அந்தப் புடைப்பெழுத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

சாதாரண ரோமன் எழுத்துதான். அதைப் பெரிதாக வார்த்து, ஈரப்படுத்திய தடித்த தாளில் அழுத்தினால் எழுத்து மேலே எழும்பி நிற்கும். ஒரு பக்கத்தில்தான் அச்சு விழும் என்பதால் இரண்டு தாள்களை முதுகோடு முதுகு ஒட்டுவார்கள். எழுத்துப் பெரிது, தாள் தடிமன், ஆகவே சின்னப் பாடம்கூடக் கனமான பெரிய புத்தகமாகிவிடும். படிக்கிற பிள்ளை ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரலால் சுற்றிவந்து, இது ஓ-வா, சி-யா, கியூ-வா என்று முடிவு செய்து, அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். கண் ஒரே பார்வையில் பிடிக்கும் வடிவத்தை விரல் பகுதி பகுதியாகத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். படிக்க முடிந்தது என்பது உண்மை. வேகமாக, களைப்பில்லாமல் படிக்க முடியவில்லை என்பதும் உண்மை.

எழுதுவது அதைவிட மோசம். அச்சுக்கூடம் இல்லாமல் புடைப்பெழுத்து எழுத முடியாது. ஒரு மாணவன் தனக்காக ஒரு குறிப்பு எழுதிவைத்து நாளைக்கு எடுத்துப் படிக்க வழியே இல்லை. கடிதம், கணக்கு, நேற்றைய பாடத்தின் குறிப்பு எதுவும் முடியாது. பாதிப் படிப்புதான் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

அயுயிக்கு இது தெரியாமல் இல்லை, ஆனால் அவருடைய நியாயம் வேறு மாதிரி. பார்வையற்றவர்களைச் சமூகத்தோடு சேர்க்க வேண்டும், அவர்களுக்கென்று தனி எழுத்து கொடுத்தால் மறுபடி ஒதுக்கிவைத்தது போலாகும், அம்மா அப்பாவும் ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே பக்கத்தைப் படிக்க முடிய வேண்டும். இது அபத்தமான வாதம் இல்லை. சந்தையில் அந்தக் கூத்தைப் பார்த்த ஒருவர் இப்படித்தான் யோசிப்பார். இதன் கூடவே வெளியில் சொல்லாத ஒரு வசதியும் இருந்தது. பணம் கொடுப்பவர்கள் பார்வையுள்ளவர்கள், அரண்மனைக்கு வந்து வேடிக்கை பார்த்தவர்களும் பார்வையுள்ளவர்கள். பையன் விரலால் தடவிப் படிப்பதை அவர்களும் எட்டிப் பார்த்து, ஆமாம், சரியாகத்தான் படிக்கிறான் என்று தலையாட்ட முடிந்தது. நன்கொடைக்கு அந்தத் தலையாட்டல் தேவைப்பட்டது.

இடையில் நடந்த அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் புரட்சி வந்தது, 1791-ல் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது, காதுகேளாதோர் பள்ளியோடு ஒரே கட்டடத்தில் போட்டார்கள், இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. நெப்போலியன் காலத்தில் பள்ளியைக் கேன்ஸ்-வேன் விடுதியோடு இணைத்தார்கள், 1802-ல் அயுயியை வெளியே அனுப்பினார்கள். அவர் 1806-ல் ரஷ்ய மன்னரின் அழைப்பில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார், போகிற வழியில் பெர்லின் பள்ளி தொடங்கவும் கைகொடுத்தார். 1817-ல் திரும்பி வந்தபோது அவர் தொடங்கிய பள்ளிக்குள்ளேயே அவரை விடவில்லை அன்றைய இயக்குநர். அடுத்து வந்த இயக்குநர் பின்யே 1821-ல் அவரைக் கூப்பிட்டு மாணவர்களின் இசையோடு மரியாதை செய்தார். அப்போது லூயி பிரெயில் அங்கே பன்னிரண்டு வயது மாணவன். அடுத்த ஆண்டு மார்ச்சில் அயுயி இறந்துபோனார்.

எண்ணிப் பார்க்கும் புள்ளியும் தொட்டவுடன் தெரியும் புள்ளியும்

லூயியின் ஊர் கூப்வ்ரே, பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் கூரான கருவியை வைத்து விளையாடும்போது ஒரு கண்ணில் குத்திக்கொண்டான், கிருமி மற்றக் கண்ணுக்கும் பரவி ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காதால் கேட்டே நன்றாகப் படித்தான். அதைப் பார்த்துத்தான் பாரிஸ் பள்ளியில் இடம் வாங்கிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளி இருந்தது செயின்ட் விக்தோர் தெருவில், ஈரம் கசியும் பழைய கட்டடம். கவிஞரும் மக்களவை உறுப்பினருமான லாமார்த்தின் 1838-ல் அந்தக் கட்டடத்தின் நிலைமையைச் சபையிலேயே எடுத்துச் சொல்லி வாதாடிய பிறகுதான் புதுக் கட்டடத்துக்குப் பணம் வந்தது. லூயிக்கு வந்த காசநோய்க்கும் அந்த ஈரத்துக்கும் சம்பந்தம் இருந்திருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி தன்னுடைய புள்ளி எழுத்தை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். போர்க்களத்தில் இருட்டில் படிக்க அவர் கண்டுபிடித்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அவருடைய உண்மையான அக்கறை, பள்ளிக்கூடம் போகாதவர்களும் சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய எழுத்து. பிரெஞ்சு மொழியின் 36 ஒலிகளை ஆறு வரிசை, ஆறு நிரல் கொண்ட ஒரு கட்டத்தில் அடுக்கினார். மூன்றாவது வரிசையின் ஐந்தாவது ஒலி வேண்டுமென்றால் இடது பக்கம் மூன்று புள்ளி, வலது பக்கம் ஐந்து புள்ளி. அவ்வளவுதான். இதில் மூன்று சிக்கல். ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிவரை இடம் வேண்டும், அது விரல் நுனிக்குள் அடங்காது, மேலும் கீழுமாகத் தேட வேண்டும். இரண்டாவது, புள்ளிகளை எண்ண வேண்டும், எண்ணி முடித்துக் கட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். மூன்றாவது, ஒலியை மட்டும் எழுதுவதால் எழுத்துக்கூட்டு இல்லை, எண்கள் இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இசைக்குறிப்பும் இல்லை. ஆனால் ஒரு பெரிய விஷயத்தைப் பார்பியே கொண்டுவந்து கொடுத்தார். கோட்டைவிடப் புள்ளி விரலுக்கு எளிது என்பதையும், ஒரு சட்டமும் ஒரு கூர்முனைக் குச்சியும் இருந்தால் பார்வையற்றவர் தானே எழுதலாம் என்பதையும் காட்டினார்.

லூயி அதை எடுத்துவைத்துக்கொண்டு வேலை செய்தான். 1824 வாக்கில், பதினைந்து வயதில், அடிப்படை தயார். ஓர் எழுத்துக்கு ஓர் அறை, அறையில் அதிகபட்சம் ஆறு புள்ளி, இரண்டு நிரலில் மூன்று மூன்றாக. மொத்த அறையும் விரல் நுனிக்கு அடியில் ஒரே தொடுதலில் அடங்கிவிடும், எண்ண வேண்டாம், வடிவமாகவே பிடிபடும். ஆறு புள்ளிகளில் 63 சேர்க்கை கிடைக்கும், எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் இசைக்கும் அது போதும். அடுக்கியதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகள் மட்டும், அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு இடது கீழ்ப் புள்ளி கூடும், அதற்கடுத்த வரிசைக்கு கீழே இரண்டு புள்ளியும் கூடும். பத்து வடிவம் தெரிந்தால் முழு நெடுங்கணக்கும் கையில் வந்துவிடும். பிரெஞ்சு மொழிக்கு அன்று டபிள்யூ தேவைப்படாததால் அது பின்னால்தான் சேர்ந்தது, இன்றும் வரிசையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

1829-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. குச்சியால் கோடு எழுதுவது கஷ்டம் என்று தெரிந்ததும் 1837 பதிப்பில் கோடுகளைத் தூக்கிவிட்டார். தினமும் அதில் எழுதிப் பழகியவர்களால்தான் இப்படித் திருத்த முடியும். அந்த 1829 புத்தகமே அயுயியின் புடைப்பு ரோமன் எழுத்தில்தான் அச்சானது, முன்னுரையில் பார்பியேவுக்கு நன்றியும் இருக்கிறது.

இதில் இசையை விட்டுவிடக் கூடாது. அந்தப் பள்ளியிலிருந்து வெளியே போன மாணவர்களுக்கு உண்மையில் சோறு போட்ட தொழில் இசைதான். தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கலாம், லூயியே பாரிஸ் தேவாலயங்களில் வாசித்தவர். பியானோவுக்குச் சுருதி சேர்க்கலாம். அந்தத் தொழிலைப் பார்வையற்றவர்களுக்குத் திறந்துவிட்டவர் இதே பள்ளி மாணவர் குளோத் மோந்தால், 1836-ல் அதற்கு ஒரு நூலே எழுதினார். இசைக்குறிப்பை எழுதிப் படிக்க முடிந்தால் வேலை, முடியாவிட்டால் எல்லாவற்றையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். புடைப்பெழுத்தால் செய்ய முடியாத இந்த வேலையை ஆறு புள்ளி செய்தது. மாணவர்கள் அதை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தடை

பின்யே இயக்குநராக இருந்தவரை அதிகார முத்திரை இல்லாவிட்டாலும் புள்ளி எழுத்து பள்ளிக்குள் புழங்கியது. 1837-ல் பிரான்ஸ் வரலாற்றுப் பாடநூல் ஒன்றைப் புள்ளி எழுத்திலேயே தயாரித்தார்கள். 1840-ல் பின்யேவை ஓரங்கட்டிவிட்டு அவருக்கு அடுத்த நிலையில் இருந்த துஃபோ இயக்குநரானார். பார்வையற்றோர் நிலை குறித்து நூல் எழுதிப் பரிசு வாங்கியவர், அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அவர் ஸ்காட்லாந்தில் அப்போது பெயர் வாங்கியிருந்த எளிமையாக்கப்பட்ட புடைப்பு ரோமன் எழுத்தைக் கொண்டுவந்து, புள்ளி எழுத்தை நிறுத்தச் சொன்னார். வாதம் அயுயியின் அதே பழைய வாதம்: தனி எழுத்து ஒரு சுவர்.

மாணவர்கள் விடவில்லை. மறைவாகப் புள்ளியில் எழுதிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் கண்ணில் பட்டாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பார்வையுள்ள நிர்வாகத்துக்கு இது உறுத்தியிருக்கத்தான் செய்யும். மாணவர்களுக்குள் நிர்வாகத்துக்குப் புரியாத ஒரு எழுத்து ஓடுகிறது என்றால் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது.

லூயியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதே பள்ளியில் ஆசிரியர், காசநோயாளி, தன் எழுத்துக்குத் தடை. அவர் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. மாறாக, தடைக்குச் சொன்ன காரணத்துக்கே ஒரு தீர்வு செய்தார். 1839-லேயே அவர் வேறொரு முறையை வெளியிட்டிருந்தார், ரோமன் எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரைவது, பார்வையற்றவர் எழுதினால் பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கலாம். கையால் செய்ய அது மெதுவான வேலை என்பதால் ஃபூக்கோ என்ற பார்வையற்ற நண்பர், அவரும் அந்தப் பள்ளியின் பழைய மாணவர், அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். தட்டச்சு இயந்திரம் பரவலாக வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால். அயுயியும் துஃபோவும் கவலைப்பட்ட பிரச்சினை, அதாவது வீட்டாரோடும் ஊராரோடும் எழுத்தால் பேசுவது, உண்மையான பிரச்சினைதான். அதற்குத் தனிக் கருவி செய்தால் தீர்ந்தது. அதற்காகப் படிக்கும் எழுத்தையே பலி கொடுக்க வேண்டியதில்லை என்பதை லூயி செய்தே காட்டிவிட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

துஃபோவை மாற்றியவர் அவருடைய துணை அதிகாரி ஜோசெஃப் குவாதே. மாணவர்கள் எந்த எழுத்தில் வேகமாகப் படிக்கிறார்கள் என்பதை உட்கார்ந்து கவனித்தவர் அவர். 1844 பிப்ரவரி 22-ல் புதிய கட்டடத்தின் திறப்பு விழாவில் புள்ளி எழுத்தை விளக்கி குவாதேயின் அறிக்கை வாசிக்கப்பட்டது, கூட்டத்தின் முன்னாலேயே ஒரு பிள்ளை சொல்லச் சொல்ல எழுத, இன்னொரு பிள்ளை அதைப் படித்துக் காட்டியது. தடை போனது. லூயி 1852 ஜனவரி 6-ல், 43 முடிந்த இரண்டாவது நாள் இறந்தார். பாரிஸ் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. 1854-ல் அரசு ஏற்பு, 1878-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாட்டின் ஆதரவு, 1952-ல் எலும்புகளைத் தோண்டி எடுத்து நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தியோனில் வைத்த மரியாதை எல்லாம் பின்னால் வந்தவை.

ஒரே தவறு, வேறு ஊர்களில்

பாரிஸில் தீர்ந்த சண்டை மற்ற இடங்களில் மறுபடி முதலிலிருந்து நடந்தது. பாஸ்டனில் பெர்கின்ஸ் பள்ளியைக் கட்டியெழுப்பிய சாமுவேல் ஹோவ் பெரிய கல்வியாளர், அவரும் ரோமன் புடைப்பெழுத்தைத்தான் பிடித்துக்கொண்டார். நியூயார்க்கில் வில்லியம் வெயிட் தனிப் புள்ளிமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்க பிரெயில் என்று இன்னொன்று. இங்கிலாந்தில் வில்லியம் மூனின் எழுத்து. ஒரே பிள்ளை கிடைக்கும் புத்தகங்களையெல்லாம் படிக்க நாலைந்து எழுத்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலை, ஹெலன் கெல்லருக்கே அதுதான் கதி. ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரே பிரெயிலுக்கு ஒப்புக்கொண்டது 1932-ல். இங்கிலாந்தில் திசையைத் திருப்பியவர் தாமஸ் ஆர்மிடேஜ், பார்வை மங்கிப்போன மருத்துவர். எந்த எழுத்து நல்லது என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் விரலால் படிக்கிறவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று 1868-ல் அவர் வைத்த ஏற்பாடுதான் இந்த மொத்த வரலாற்றிலும் நிர்வாக ரீதியாகச் சரியான முடிவு. அந்தக் குழு பிரெயிலைத் தேர்ந்தெடுத்தது.

நம் பக்கம் வந்தால், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பள்ளி தொடங்கினார், அமிர்தசரஸில் அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஆனி ஷார்ப். இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரெயில் முறை ஓடிக்கொண்டிருந்து, 1951-ல்தான் பாரதி பிரெயில் என்று ஒன்றாக்கினார்கள். அதில் தமிழ் ம-வுக்கும் ஆங்கில எம்-முக்கும் ஒரே 1, 3, 4 புள்ளிகள்தான் (இடது நிரலில் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலது நிரலில் 4, 5, 6). தமிழ் என்று எழுத ஐந்து அறை வேண்டும்: த, ம, இ, மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்டும் ஓர் அறை, கடைசியில் ழ.

இன்றைக்கு அதே வாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. மொபைலில் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருக்கிறது, ஆடியோ புத்தகம் இருக்கிறது, பிரெயில் எதற்கு, கனம், செலவு, கற்றுக்கொடுக்க ஆளில்லை என்கிறார்கள். திரைவாசிப்பான் பெரிய வரம், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தமிழைக் காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு மனம் என்பதில் எந்த ன, பந்து என்பதில் எந்த ந என்று எப்படித் தெரியும்? காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கரை, கறை, இரண்டையும் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். பல ஊர்களில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகிறது. பாரதி பிரெயிலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி அறை, விரல் தினமும் அதன்மேல் போய்வந்தால் எழுத்துப்பிழை தானாகக் குறையும். பார்வையுள்ள பிள்ளைக்குப் பாடப் புத்தகமே வேண்டாம், ஆடியோ போதும் என்று எந்தப் பள்ளியாவது சொல்லுமா? பார்பியேவின் ஒலி எழுத்து போதாது என்று லூயி பதினைந்து வயதில் ஒதுக்கியதற்கும் இது ஒரு காரணம்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பார்வையற்ற ஒரு பிள்ளை இருந்தால், போனில் என்ன செயலி போட்டிருக்கிறது என்று விசாரிப்பதோடு பிரெயில் சட்டமும் ஊசியும் கையில் இருக்கிறதா, தினமும் அதில் ஒரு பக்கமாவது எழுதுகிறதா என்றும் விசாரியுங்கள். எது சுலபமாக இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களிடம் கேட்காமல் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். முடிந்தால் பிரெயிலில் படித்து வேலைக்குப் போன ஒருவரை அழைத்துவந்து அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள், எந்தக் கருவி எந்த வேலைக்கு என்று அவர் சொல்லித்தருவார்.